கற்றூண் வேண்டா, காணி உறுதி வேண்டும்!

ஒரே நாளில் இரண்டு காகிதங்கள் என் மேசைக்கு வந்தன.

முதலாவது காலையில் வந்தது. கண்டி நகரில் நற்பெயர் ஈட்டிய ஒரு தமிழ் வைத்தியர், என் நெடுநாளைய நண்பர், நகருக்கு வெளியே ஒரு மேட்டு நிலத்தில் தாம் எழுப்பக் கருதிய புதுமனையின் வரைபடத்தை விரித்துக் காட்டினார். முகப்பிலே தாமரை மொட்டினை ஒத்த தலையுடைய பருத்த தூண்கள் நான்கு; அடி அகன்று மேல் ஒடுங்கிச் சரியும் சுவர்கள்; நிலைவாயிலின் மேல் இரு சிறகு விரித்த ஞாயிற்று வட்டம்; தட்டைக் கூரை; தோட்டத்து மூலையிலே சிறியதொரு பிரமிட். பண்டை எகிப்திய பாணியாம். இம்மலைநாட்டில் இத்தகைய வீடு வேறொன்று இராது என்று பெருமையுடன் கூறினார். அவர் என்னிடம் நாடியது அழகு பற்றிய கருத்தையன்று. காணியின் உரித்தை ஆராய்ந்து தரும்படியே கேட்டார். ஆராய்ந்தேன். மூன்று தலைமுறை உறுதிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பழுதின்றி நின்றன. "காணி உங்களுடையதே, கட்டுங்கள்" என்று கூறி அனுப்பினேன்.

இரண்டாவது பிற்பகலில் வந்தது. கண்டிக்கு அப்பாலுள்ள ஒரு தோட்டத்திலிருந்து கொழுந்து பறிக்கும் தாயொருவர் வந்தார். சில ஆண்டுகளுக்கு முன் லயத்திலிருந்து புதுவீட்டுக்குக் குடிபெயர்ந்தவர். திறப்பு விழாவிலே மேடையேறித் திறப்பு வாங்கியவர். விழாவிலே கொடுத்த பத்திரத்தை நெகிழியுறையில் இட்டுப் பொன்போற் காத்து வைத்திருந்தார். நான் அதனை இருமுறை படித்தேன். வாழ்த்து இருந்தது, இலச்சினை இருந்தது. எல்லை இல்லை, அளவைப்பட இலக்கம் இல்லை, நொத்தாரிசின் கையொப்பமும் இல்லை.

"ஐயா, இந்த வீட்ட எம் மகளுக்கு எழுதி வைக்கலாங்களா?" என்றார்.

"இந்தப் பத்திரத்தைக் கொண்டு எழுத முடியாது அம்மா."

"அப்ப இது யாரு வீடுங்க ஐயா?"

சட்டம் பயின்று இருபது ஆண்டுக்கு மேல் நீதிமன்றப் படிகளில் ஏறியிறங்கிய நான், அந்த வினாவுக்கு அன்று நேரான விடை கூற இயலாது நின்றேன். அவ்விடையை இன்று எழுதுகின்றேன். காலையிலே கண்ட எகிப்திய வரைபடமே அதற்கு வழிகாட்டியாக அமைந்தது.

கல் இறந்தாருக்கு, மண் இருந்தாருக்கு

எகிப்திய பாணி என்று இக்காலத்தார் எதனைக் கூறுகின்றனர்? கற்றூணையும் சரிந்த சுவரையும் சிறகு முளைத்த ஞாயிற்றையும் கூறுகின்றனர். இவை யாவும் கோயிலுக்கும் கல்லறைக்கும் உரியவை. எகிப்தியன் குடியிருந்த வீட்டுக்கு உரியவை அல்ல. பண்டை எகிப்தியர் தெய்வத்துக்கும் இறந்தாருக்கும் கல்லினாற் கட்டினர். உயிரோடு உலவியோருக்கு வெயிலிலே காய்ந்த மண்கல்லாற் கட்டினர். ஏழைக்கு மட்டுமா மண்? பேரரசன் மூன்றாம் அமென்ஹோதெப் நைலின் மேற்கரையில் மல்கட்டாவிலே எழுப்பிய அரண்மனையும் மண்கல் மாளிகையே. ஆகவே, எகிப்திய பாணி என்று கூறிக் கற்றூண் நாட்டிக் குடிபுகுவோர், எகிப்தியன் வாழ்ந்த வீட்டை விட்டுவிட்டு அவன் கல்லறையின் வாயிலிலே குடியேறுகின்றனர்!

இம்மோகம் புதியதன்று. 1798இல் நெப்போலியன் எகிப்தின் மீது படையெடுத்தான். அவனோடு சென்ற அறிஞர்கள் வரைந்த படங்கள் 1809 முதல் நூல்களாக வெளிவந்தன. அன்று தொடங்கிய மோகம் இலண்டனிலே 1812இல் ஓர் எகிப்திய மண்டபத்தையும், இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியிலுள்ள பென்சான்ஸ் என்னும் சிற்றூரில் 1835ஐ அண்டி ஓர் எகிப்திய வீட்டையும் எழுப்பிற்று. 1922இலே துட்டன்காமுனின் கல்லறை திறக்கப்பட்டபோது மோகம் மீண்டும் பற்றி எரிந்தது. அவ்வாண்டிலேயே ஹொலிவூட்டில் ஓர் எகிப்தியப் படமாளிகை திறக்கப்பட்டது. 1928 அளவில் இலண்டனில் ஒரு சிகரட்டுத் தொழிற்சாலையும் பாரோ மன்னரின் கோயில் வேடம் பூண்டது. சிகரட்டுக்கும் பாரோவுக்கும் யாது தொடர்பு? பழமையின் பெருமையைக் காசு கொடுத்து வாங்கி முகப்பிலே ஒட்டிக்கொள்ளும் ஆசை என்னும் தொடர்பு ஒன்றே.

பிறநாட்டுச் சிற்பத்தைக் கடன் வாங்குதல் குற்றம் என்று நான் கூறவில்லை. கண்டிக்கு அண்மையில் கடலாதெனிய விகாரை 1344இலே கல்லாற் கட்டப்பட்டது. அதனைக் கட்டிய தலைமைச் சிற்பி கணேஸ்வராச்சாரி என்னும் தென்னாட்டார்; தென்னாட்டுக் கற்கோயில் மரபு அதன் தூண்களிலும் கூரையிலும் விளங்குகின்றது. அஃது ஆறு நூற்றாண்டு கடந்தும் நிற்கின்றது. பேராதனைக்கு 1952இல் இடம்பெயர்ந்த பல்கலைக்கழகத்தின் கட்டடங்களிலே கட்டடக் கலைஞர் ஷேர்லி டி அல்விஸ் இந்நாட்டுப் பழங்கூரையையும் தூணையும் புதுக்காலத் தேவைக்கு இசைவித்தார். கடன் வாங்கலாம், ஆனால் எதனை வாங்குகின்றோம் என்று அறிந்து வாங்க வேண்டும். மழையே இல்லாத நைற்கரையின் தட்டைக் கூரையை, ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 1,800 மில்லிமீட்டர் மழை பொழியும் கண்டியிலே ஏற்றிவைத்தால், வைத்தியர் வீட்டு மண்டபத்திலே ஐப்பசி மாதம் வாளி வைக்க நேரும். இதனை நண்பரிடமும் கூறினேன், நகைத்தார்.

எகிப்திடம் வாங்கத்தக்கவை உண்டு. அவை தூண்கள் அல்ல.

மூவாயிரம் ஆண்டுக்கு முந்திய ஒரு லயம்

நைலின் மேற்கே, அரசர் கல்லறைப் பள்ளத்தாக்குக்கு அருகே, டெய்ர் எல் மெதீனா என்று இன்று வழங்கும் ஊரின் இடிபாடு உள்ளது. அரசர்க்குக் கல்லறை குடைந்த தொழிலாளர் குடும்பத்தோடு வாழ்ந்த ஊர் அது. சுற்றுமதிலுக்குள் ஏறத்தாழ 68 வீடுகள், தெருவின் இருமருங்கும் சுவரோடு சுவர் ஒட்டி வரிசையாக நின்றன. வெளித்தோற்றத்தில் அதுவும் ஒரு லயமே! ஆயினும் உள்ளே புகுந்து பாருங்கள். வாயிலறை ஒன்று, நடுவே தூண் நாட்டிய கூடம் ஒன்று, அதற்கப்பால் சிற்றறை ஒன்றோ இரண்டோ, பின்புறம் அடுக்களை, நிலத்தடியிலே களஞ்சியம், மாடிக்கு ஏறப் படிக்கட்டு. வீடொன்றின் பரப்பு சராசரி 70 சதுர மீட்டர் அளவு. அஃதாவது ஏறக்குறைய 750 சதுர அடி.

இனி நம் மலைநாட்டு லயத்தைப் பாருங்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடி, நூற்றிருபது சதுர அடிக் காம்பரா ஒன்று, முன்னே ஒடுங்கிய இஸ்தோப்பு ஒன்று, மேலே தகரம். அதற்குள்ளே தாய் தந்தை, மணமான மகன், மருமகள், பேரப்பிள்ளைகள். பாரோ மன்னன் தன் தொழிலாளிக்குக் கொடுத்த இடத்தில் ஆறிலொரு பங்கையே வெள்ளைத்துரை மலைநாட்டுத் தொழிலாளிக்குக் கொடுத்தான். அவர்கள் தேர்ந்த கைவினைஞர், எகிப்திய உழைப்பாளர் எல்லோரும் அவ்வாறு வாழ்ந்தாரல்லர் என்று எதிர்வாதி கூறலாம். உண்மை, ஒப்புக்கொள்கின்றேன். ஆனால் காலத்தையும் எண்ணுக: அவர்கள் வாழ்ந்தது மூவாயிரம் ஆண்டுக்கு முன். உலகச் சந்தையிலே பேர் பெற்ற தேயிலையைக் கிள்ளும் விரலும் தேர்ந்த விரல் அன்றோ?

அத்தொழிலாளர் வாய்மூடி இருந்தாருமல்லர். மூன்றாம் இராம்செஸ் ஆண்ட 29ஆம் ஆண்டில், ஏறத்தாழக் கி.மு. 1157இல், கூலியாகிய தானியம் வந்து சேரவில்லை. கருவியைப் போட்டுவிட்டு எழுந்தனர், அரசர் கோயிலின் புறத்தே சென்று உட்கார்ந்தனர், பசிக்கின்றது என்றனர். எழுத்தில் நமக்குக் கிடைத்துள்ள முதல் வேலைநிறுத்தம் இதுவே. அதனைப் பதிந்த ஏடு இத்தாலியின் தூரின் நகர அரும்பொருளகத்தில் உள்ளது.

சட்டம் பயின்றவன் என்னும் முறையில் என்னை வியப்பிலாழ்த்தியது வேறொன்று. அதே ஊரில், ஐந்தாம் இராம்செஸ் காலத்தில், நௌனக்தே என்னும் முதியவள் வாழ்ந்தாள். அவள் ஊர் நீதிமன்றத்தின் முன் சென்று தன் இறுதி விருப்பத்தைப் பதிவு செய்தாள். முதுமையிலே தன்னைப் பேணிய பிள்ளைகளுக்கு இன்னது, பேணாத பிள்ளைகளுக்கு என் பொருளில் பங்கில்லை என்று தன் வாயாற் கூறினாள். சாட்சிகள் முன்னிலையில் அது எழுதப்பட்டது. அரசியல்லள், பூசகியல்லள், தொழிலாளர் ஊரிலே வாழ்ந்த ஒரு பெண். இஃது என்னுடையது, இதனை இன்னாருக்குக் கொடுக்கின்றேன் என்று கூறும் உரிமை அவளுக்கு மூவாயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே இருந்தது.

பிற்பகலிலே என் முன் நின்ற தாய் கேட்டதும் அதே உரிமையைத்தான்.

1840: ஓராண்டு, இரு சட்டங்கள்

இந்நிலை எவ்வாறு வந்தது? விதியால் அன்று, சட்டத்தால் வந்தது.

1820களில் கம்பளைக்கு அருகே சின்னப்பிட்டியவில் ஜோர்ஜ் பேர்ட் என்பவர் கோப்பி பயிரிடத் தொடங்கினார். 1830களிலே கண்டி மலைகளெங்கும் காடு அழிந்து கோப்பி எழுந்தது. பென்சான்ஸிலே ஒருவர் எகிப்திய முகப்பு எழுப்பிக்கொண்டிருந்த அதே காலத்தில், தென்னிந்தியத் தமிழர் மன்னாரில் இறங்கிக் காட்டுவழியே நடந்து இம்மலை ஏறிக்கொண்டிருந்தனர். வழியில் மாண்டோர் பலர். 2023இல் அந்த இருநூறாண்டு நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்தனர். 1867இல் ஹேவாஹெட்டைக்கு அருகே லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். கோப்பி அழிந்தது, தேயிலை வந்தது, துரைமார் மாறினர். லயம் மாறவில்லை.

1840ஆம் ஆண்டினை நன்கு நினைவில் இருத்துக. அவ்வாண்டிலே இரு கட்டளைச் சட்டங்கள் பிறந்தன. 12ஆம் இலக்கச் சட்டம், உரித்தினை நிறுவ இயலாத காட்டையும் தரிசையும் முடிக்குரிய நிலமென்று கொண்டது. கண்டிச் சிங்கள விவசாயி தலைமுறை தலைமுறையாகச் சேனை செய்த நிலம் அவ்வாறே அவன் கையை விட்டுப் போயிற்று. 7ஆம் இலக்கச் சட்டம், காணியைக் கைமாற்றுவதாயின் நொத்தாரிசும் இரு சாட்சிகளும் கையொப்பமிட்ட உறுதி வேண்டும், அஃதின்றேல் கைமாற்றம் செல்லாது என்றது. முன்னது சிங்கள உழவனைக் காணியிலிருந்து வெளியே நிறுத்திற்று. பின்னது தமிழ்த் தொழிலாளியை வெளியே நிறுத்தப் பயன்பட்டது. ஒரே ஆண்டிற் பிறந்த இச்சட்டங்களால் இரு ஏழைகளும் நிலமிழந்தனர். அவ்விருவரையும் ஒருவர்மீது ஒருவர் ஏவிவிட்ட அரசியலைப் பின்வந்தோர் நடத்தினர்.

"நெடுங்காலம் குடியிருந்தால் உரித்து வாராதா?" என்று உழவர் கேட்பர். வரும். 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரித்துச் சட்டத்தின்படி, பிறன் காணியைப் பத்தாண்டு எதிரிடையாகத் தடையின்றி ஆண்டவன் அதற்கு உரித்தாளி எனத் தீர்ப்புப் பெறலாம். ஆயின் தோட்டத் தொழிலாளி எதிரிடையாக ஆளவில்லை; துரையின் அனுமதியால் இருக்கின்றான் என்று சட்டம் கூறும். அரசுக் காணியாயின் அரசுக்கெதிராகக் காலம் ஓடாது என்று கூறும். விளைவு யாது? வேலி தாண்டி வந்து அத்துமீறியவன் பத்தாண்டிலே காணிக்காரன் ஆகலாம். அழைத்து வரப்பட்டு, உழைத்து, ஐந்து தலைமுறையை அம்மண்ணிலே புதைத்தவன் நூற்றைம்பது ஆண்டாயினும் குடியிருக்க விடப்பட்டவனே! சட்டத்துக்குப் பணிந்து நடந்தமையே அவன் செய்த பிழை.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அவனை நாடற்றவனாக்கிற்று. 1964இல் இரு பிரதமர்கள் அவனை எண்ணிக்கையாற் பங்கிட்டனர்; 5,25,000 பேர் அங்கே, 3,00,000 பேர் இங்கே, 1,50,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றனர். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமே எஞ்சியோருக்குக் குடியுரிமை அளித்தது. தோட்டக் குடியிருப்புகளுக்குப் பிரதேச சபை தாராளமாகச் செலவு செய்யத் தடையாயிருந்த சட்டப்பிரிவு 2018இல்தான் திருத்தப்பட்டது. குடியுரிமை வந்தது, வாக்கு வந்தது, வீடும் சிலருக்கு வந்தது. உறுதி வரவில்லை.

கட்டிய கை தோற்ற இடம்

நம் காலத்திலே எகிப்திய வீட்டை உண்மையாக எழுப்ப முயன்ற பெருமகன் ஒருவர் உண்டு. அவர் பெயர் ஹஸன் பஃதி. 1900இற் பிறந்து 1989இல் மறைந்த எகிப்தியக் கட்டடக் கலைஞர். போர்க்காலத்தில் மரமும் இரும்பும் கிடையாதபோது அவர் பாரோவின் தூணை நாடவில்லை. இரண்டாம் இராம்செஸின் கோயிலையொட்டி மூவாயிரம் ஆண்டுக்கு மேலாக இடியாது நிற்கும் மண்கல் களஞ்சியங்களின் வளைகூரையை நோக்கினார். அஸ்வானை அடுத்த நூபியக் கொத்தர் மரச்சட்டத்தின் துணையின்றியே அத்தகைய வளைகூரையை இன்னும் கட்டிவருதலைக் கண்டார். அந்த ஏழைக் கொத்தரையே ஆசானாகக் கொண்டார்.

1945இல் அரசின் தொல்பொருட் பகுதி அவரிடம் ஒரு பணியை ஒப்படைத்தது. லக்ஸருக்கு எதிர்க்கரையில், பண்டைப் பெருமக்களின் கல்லறைகள் மீது குடியிருந்த குர்ணா ஊராரை எழுப்பி, கீழே புதியதோர் ஊரில் இருத்த வேண்டும் என்பது அப்பணி. பஃதி புதுக்குர்ணாவைக் கட்டினார். குவிமாடமும் முற்றமும் காற்று புகும் வழியும் கொண்ட மண்வீடுகள். பள்ளிவாசல், பள்ளிக்கூடம், சந்தை, நாடகசாலை. ஒரே அச்சிலே வார்த்த வீடுகளை அவர் வெறுத்தார்; குடும்பத்துக்கேற்ற வீடு வேண்டும் என்றார். உலகம் பின்னாளிலே அவ்வூரைப் போற்றிற்று. ஏழைகளுக்கான கட்டடக் கலை பற்றி அவர் எழுதிய நூல் நாடெங்கும் பயிலப்பட்டது.

ஆயினும் குர்ணா மக்கள் வரமாட்டோம் என்றனர்! ஊர் பாதியும் நிறைவுறாமல் வேலை நின்றது. கரையை உடைத்துப் புதுவூரில் வெள்ளம் புகச் செய்தனர் என்று பஃதியே எழுதியுள்ளார். ஏன்? கல்லறைப் பொருளை விற்றுப் பிழைத்தவர்கள் ஆதலால் வரவில்லை என்று அதிகாரிகள் கூறினர். அதில் உண்மையில்லாமல் இல்லை. ஆனால் முழு உண்மை அதுவன்று. எழும்ப வேண்டும் என்ற முடிவை எடுத்தவர் அரசு. இடத்தைத் தெரிந்தவர் அரசு. காலத்தைக் குறித்தவர் அரசு. வீட்டின் வடிவத்தை மட்டும் குடியிருப்போனிடம் கேட்டால் போதுமா? இருப்பதா, பெயர்வதா, எங்கே, எந்த உரித்தோடு என்னும் முதல் வினாவை எவரும் அவனிடம் கேட்கவில்லை. 2006 முதல் அரசு பழங்குர்ணாவை இடிக்கத் தொடங்கிற்று. அறுபது ஆண்டு கழித்தும் அவ்வூரார்மீது கைவைத்தது அதே அரசுதான்.

அன்பர்களே, உலகப் புகழ் பெற்ற கலைஞன், தன் மக்கள்பால் மெய்யன்பு கொண்டவன், பணத்தைத் திருடாதவன் கட்டிய வீடே குடியிருப்போனின் உரிமையின்றித் தோற்றதென்றால், ஒப்பந்தக்காரன் கட்டி, அரசியல்வாதி நாடா வெட்டித் திறக்கும் வீட்டைப் பற்றி யாது கூறுவது?

மூன்று சாக்குகள்

நம் மலைநாட்டிலே இந்திய அரசின் உதவியாலும் இலங்கை அரசின் நிதியாலும் வீடுகள் எழுந்துள்ளன. 550 சதுர அடி வீடும், 7 பேர்ச்சு நிலமும் என்னும் திட்டங்கள் நற்றிட்டங்களே. லயத்தை விட்டு வெளியே வந்த ஒவ்வொரு குடும்பத்துக்காகவும் மகிழ்கின்றேன். 2018ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கச் சட்டத்தால் பெருந்தோட்டப் பிராந்தியத்துக்குப் புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகாரசபையும் நிறுவப்பட்டது. ஆனால் உறுதியைக் கேட்டால் மூன்று சாக்குகள் வருகின்றன. ஒவ்வொன்றாக விசாரிப்போம்.

முதற்சாக்கு: தோட்ட நிலம் கம்பனியின் குத்தகையில் உள்ளது, எழுதிக் கொடுக்க இயலாது. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் பெருந்தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992க்குப் பின் அவற்றை நிர்வகிக்கும் உரிமையே கம்பனிகளுக்குச் சென்று, பின் நெடுங்குத்தகை ஆயிற்று. நிலத்தின் சொந்தக்காரன் இன்றும் அரசே. பாதைக்கும் பாடசாலைக்கும் நிலத்தை விடுவிக்க முடிந்த அரசுக்கு 7 பேர்ச்சை விடுவிக்க முடியாதா? மேலும் கண்டி, மாத்தளை மாவட்டங்களிலே பல தோட்டங்கள் தனியார் கம்பனியிடம் இல்லை. அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனம், மக்கள் தோட்ட அபிவிருத்திச் சபை, எல்கடுவ பெருந்தோட்டக் கம்பனி ஆகிய அரச அமைப்புகளின் கையிலேயே உள்ளன. அங்கே இச்சாக்குக்கு இடமே இல்லை.

இரண்டாஞ்சாக்கு: உறுதி கொடுத்தால் தொழிலாளி விற்றுக் குடித்துவிடுவான். வைத்தியருக்கு உறுதி எழுதும்போது விற்பீரா, குடிப்பீரா என்று எவரும் கேட்டதில்லை. எனினும் வாதத்துக்காக அவ்வச்சத்தை ஏற்போம். அதற்கும் மருந்து சட்டத்திலேயே உண்டு. 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தை நம் உழவர் நன்கறிவர். முதலில் அனுமதிப்பத்திரம், பின்னர் அளிப்புப் பத்திரம், நினைத்தபடி விற்கத் தடை, ஆனால் பின்னுரித்தாளியைப் பெயர் குறித்துப் பதியும் உரிமை. உலர்வலயக் குடியேற்றங்களிலே உழவனுக்கு அச்சட்டத்தால் காணி கொடுத்த அரசு, தேயிலை பறிப்பவளுக்கு மட்டும் வழியே இல்லையென்று கூறுவது எந்நீதி?

மூன்றாஞ்சாக்கு: வீடு கொடுத்தாயிற்று, காகிதம் எதற்கு? இதனைக் கூறுவோர் தம் வீட்டு உறுதியை என் மேசையில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் பின்னர் கூறட்டும். உறுதியின்றி வங்கி கடன் தராது. கூடுதலாக ஓர் அறை எடுக்க உரித்தைக் காட்ட இயலாது. கணவன் இறந்தால் மனைவியின் நிலை ஐயம். தோட்ட வேலையை விட்டு நகரிலே தொழில் தேடிய மகனிடம் வீடு தோட்டத்தாருக்குரியது என்பர். வீட்டுத் திறப்பைக் கொடுத்து உரித்தைக் கொடாமலிருப்பது, வேலைக்காரனை வேலையோடு கட்டிவைக்கும் பழைய கயிற்றுக்குப் புதுச் சாயம் பூசுவதேயாகும்.

மலையும் சாட்சி கூறுகின்றது

வீட்டின் வடிவத்தைப் பற்றி விழாவெடுப்போர் நிலத்தைப் பற்றிப் பேசுவதில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடிற்று. அங்கே ஆபத்துண்டு என்று முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. 2025 நவம்பர் இறுதியில் வந்த தித்வா புயலில் நாடெங்கும் அறுநூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். கண்டி மாவட்டம் மிகக் கொடிய இழப்பைக் கண்டது. சிங்களவர், தமிழர், முஸ்லிம் என்று மலை பார்க்கவில்லை. ஆனால் ஒரு வேற்றுமை உண்டு. சொந்தக் காணியுள்ளவன் ஆபத்தறிந்தால் விற்றோ மாற்றியோ பெயர வழி தேடலாம். லயத்தில் இருப்பவன் எங்கே பெயர்வான்? பெயர்ந்து நிற்க ஓர் அங்குலமும் அவன் பெயரில் இல்லை. நல்ல நிலம் தேயிலைக்கு, தேயிலை வளராத நிலம் தொழிலாளிக்கு என்று துரைமார் வகுத்த முறையையே புதிய திட்டங்களும் பின்பற்றுமாயின், நாம் கட்டுபவை வீடுகள் அல்ல, கல்லறைகள். கல்லறை கட்டும் கலையை மட்டும் எகிப்திடம் கற்க வேண்டிய தேவை நமக்கு இல்லை.

நாம் கேட்பவை

ஒன்று: கட்டி முடிந்த ஒவ்வொரு வீட்டுக்கும் அளவைப்படத்தோடு கூடிய, காணிப் பதிவகத்திலே பதியப்பட்ட, சட்டத்தின் முன் செல்லத்தக்க உரித்துப் பத்திரம் வேண்டும். கணவன் மனைவி இருவர் பெயரும் அதில் இடம்பெற வேண்டும். விழாப் பத்திரம் வேண்டா.

இரண்டு: அவ்வுரித்து தோட்ட வேலையோடு பிணைக்கப்படலாகாது. பேர்பதிந்து வேலை செய்தாலும் செய்யாவிட்டாலும் வீடு குடும்பத்தினுடையதே.

மூன்று: தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பாதுகாப்பானதென உறுதிப்படுத்திய நிலத்திலேயே வீடு எழ வேண்டும். ஊரை எங்கே அமைப்பதென்று குடியிருப்போரிடம் முதலில் கேட்க வேண்டும். வரைபடம் அதன் பின்னரே.

நான்கு: அதே மலையிலே நிலமின்றி வாடும் சிங்களக் கிராமத்தானுக்கும் இதே நீதி வேண்டும். 1840இல் இருவரும் ஒருங்கே இழந்தனர். ஒருவனுக்குக் கொடுத்து மற்றவனை ஏவிவிடும் பழைய சூழ்ச்சிக்கு நாம் இரையாகலாகாது.

கற்றறிந்த தமிழ்ப் பெருமக்களே! உங்களிலே சட்டத்தரணிகள் உளர், நில அளவையாளர் உளர், பொறியியலாளர் உளர். மாதத்தில் ஒருநாளை இதற்கென ஒதுக்குங்கள். ஒரு தோட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். குடும்பங்களின் விவரத்தை எழுதுங்கள், விழாப் பத்திரங்களைத் திரட்டுங்கள், விண்ணப்பம் எழுதுங்கள், பதில் வாராவிடின் நீதிமன்றம் செல்லுங்கள். மனிதாபிமானக் கண்ணீரால் உறுதி எழுத இயலாது. அதற்கு நொத்தாரிசின் பேனா வேண்டும். உழவர் பெருமக்களே! 1977இன் வன்செயலுக்குப் பின் மலையிலிருந்து வன்னிக்கு வந்து உங்கள் வயல்களிலே உழைத்தோரை நீங்கள் அறிவீர்கள். அவர்களிற் பலருக்கும் காணிப் பத்திரம் கனவாகவே இருக்கின்றது. வரப்பு ஒன்றுக்காக வழக்காடத் தெரிந்த நமக்கு, வரப்பே இல்லாதவனின் வழக்கு விளங்காதிருத்தல் ஆகாது.

என் நண்பர் வைத்தியர் தம் எகிப்திய மாளிகையை எழுப்பட்டும். காணி அவருடையது, காசு அவருடையது, கூரை ஒழுகினால் அதுவும் அவருடையதே. அவர் மீது எனக்கு வழக்கில்லை. என் வழக்கு, அவர் வாயிலுக்கு முன்னேயுள்ள மலைச்சரிவிலே ஐந்து தலைமுறையாக வாழ்ந்தவரை இன்னும் அனுமதியில் இருப்போர் என்று எழுதிவைத்திருக்கும் அரசின் மீதே.

அந்தத் தாய்க்கு அன்று கூறாத விடையை இங்கே கூறுகின்றேன். அம்மா, நியாயத்தின்படி அது உங்கள் வீடு. சட்டத்தின்படி இன்னும் இல்லை. நியாயமும் சட்டமும் ஒன்றாகும் நாள் வரை அந்தப் பத்திரத்தைக் கிழித்தெறிய வேண்டாம். அரசு வாக்களித்தமைக்கு அதுவே சாட்சி. மூவாயிரம் ஆண்டுக்கு முன் நௌனக்தே சாட்சிகள் முன் நின்று தன் சொத்தைத் தன் பிள்ளைகளுக்குச் சொன்னாள். நீங்களும் ஒருநாள் கண்டி நொத்தாரிசு ஒருவர் முன் அமர்ந்து, இது என் வீடு, என் மகளுக்குக் கொடுக்கின்றேன் என்று சொல்வீர்கள். அன்று சாட்சிக் கையொப்பமிட எம்மைப்போன்றோர் வரிசையில் நிற்போம்.